முதுநகர்ப் பூங்காவுக்குள் படகு வந்த கதை

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் கடையைப் பூட்டிவிட்டு நான் கடலூர் கிளம்பியதற்கு ஒரே காரணம் என் மச்சான். என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி, பெயர் ஆரோக்கியராஜ், வீட்டில் ராஜு. சிவில் இன்ஜினியர். முதுநகரை ஒட்டிய ஒரு மீனவர் குடியிருப்பில், கடல் தண்ணீர் ஊருக்குள் வராமல் தடுக்க ஒரு சுவரும், அந்தச் சுவரோடு சேர்த்து ஒரு பூங்காவும் கட்டுகிற வேலையில் இரண்டு வருடமாகக் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. போனில் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க ஊர் ஊரா போயி ஸ்டேஷன் வடையப் பத்திக்கூட எழுதுறீங்க. மச்சான் கட்டுனத ஒரு தடவ வந்து பாக்க மாட்டீங்களா?"

சுருக்கென்று இருந்தது. திருச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு, கிடைக்கிற லீவில் எல்லாம் ஊர் சுற்றி இந்த வலைப்பூவில் எழுதுகிறவன் நான். மாமியார் ஊரைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. அங்கே போனால் சாப்பிட்டுத் தூங்குவதோடு சரி. இந்த முறை ஒழுங்காகச் சுற்றிப்பார்ப்பது என்று முடிவெடுத்து, முதலில் சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம் படகுச் சவாரி, பிறகு கடலூர் என்று திட்டம் போட்டேன். ஸ்டெல்லா வரவில்லை. "மழைக் காலத்துல போட்டிங் போறேன்னு கெளம்புற ஆளோட நான் வரல" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதுதான் நடந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு அவளே கமென்ட்டில் எழுதுவாள்.

வியாழன் காலை ஆறரைக்குத் திருச்சியில் ரயில். முன்பதிவில்லாப் பெட்டி. தஞ்சாவூரில் உட்கார இடம் கிடைத்தது. பத்தரைக்கெல்லாம் சிதம்பரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கினால் அண்ணாமலை நகர். பல்கலைக்கழகம், விடுதிகள், ஜெராக்ஸ் கடைகள், மாணவர்களுக்கென்றே இருக்கும் லாட்ஜுகள். ஊருக்குள் தேர் வீதிப் பக்கம் கேட்கிற வாடகையில் பாதிதான் இங்கே. எனக்கு எழுநூறு ரூபாய்க்கு ஒரு அறை கிடைத்தது. மின்விசிறி சுற்றியது, தண்ணீர் வந்தது, பக்கத்து அறையில் யாரோ விடியவிடிய வைவாவுக்குப் படித்தார்கள். சாயங்காலம் நடந்தே போய்த் தேர் வீதிகள் நான்கையும் சுற்றிவிட்டு, இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டேன். கொத்சுக்காக மட்டுமே ஒருவர் சிதம்பரம் போகலாம். நான் இரண்டு முறை கேட்டு வாங்கினேன், மூன்றாவது முறை சர்வர் கேட்காமலே ஊற்றினார்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். பிச்சாவரம் பதினாறு கிலோமீட்டர், போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய். ஓட்டுநர் ஏறும்போதே வானத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது புரியவில்லை. கிள்ளை தாண்டும்போதுதான் மெதுவாக எடுத்துவிட்டார்.

"சார், இன்னிக்கி போட்டு வுடுறது சந்தேகந்தான். கடலூர் ஆர்பர்ல புயல் கூண்டு ஏத்தப்போறாங்களாம்."

"இத ஏறும்போது சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க வருவீங்களா சார்?"

என்ன ஒரு நேர்மை! அவர் சொன்னபடியே டிக்கெட் கவுண்டரில் கதவு சாத்தியிருந்தது, காற்று காரணமாகப் படகுகள் இல்லை என்று தாள் ஒட்டியிருந்தது. படகுத்துறையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. சுரபுன்னை மரங்கள் வேர்களைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தன. அலை அந்த வேர்களுக்குள் போனதும் சத்தமில்லாமல் அடங்கிவிடுகிறது. இருபது நிமிடம் அதைப் பார்த்தேன். படகு கிடைக்காத எரிச்சல் போகவில்லை என்றாலும் குறைந்தது.

அறையைக் காலி செய்துவிட்டுக் கடலூர் பேருந்தில் ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். கடலூர்ப் பேருந்து நிலையம் வரை போகத் தேவையில்லை, வழியில் முதுநகரிலேயே இறங்கிக்கொள்ளலாம். மச்சான் பைக்கோடு நின்றான். பழைய ஜங்ஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு, ஆளுக்கு நூற்று இருபது. பேசவிடாமல் சாப்பிட வைத்து, பேசவிடாமல் பைக்கில் ஏற்றினான். அவ்வளவு அவசரம், தன் சுவரைக் காட்ட.

குடியிருப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், ஏன் என்று பின்னால் தெரியும். போய் இறங்கியதும் "சுவர் எங்கடா?" என்றேன். அவனுக்கு அந்தக் கேள்வி கேட்டதில் அத்தனை சந்தோஷம். நான் நின்றுகொண்டிருந்ததே சுவர்தான்! கருங்கல்லை அடுக்கிக் கடல் பக்கம் சரிவாக இறக்கியிருக்கிறார்கள். மேலே நடைபாதை. நடைபாதையின் கடல் ஓரம் முழுக்க ஒரே நீளமாகக் கான்கிரீட் பெஞ்சு. அந்தப் பெஞ்சின் முதுகுதான் சுவரின் உச்சி. அலை எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் பார்த்து அந்த முதுகை எழுப்பியிருக்கிறார்கள். நாம் சாய்ந்து உட்கார்ந்து சுண்டல் தின்கிற இடம்தான் வெள்ளத்தைத் தடுக்கிற இடம்.

ஊர்ப் பக்கம் இறங்கினால் புல்தரை. நடுவில் பள்ளமாக, ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி இருந்தது. சுற்றிலும் மேட்டில் பூவரசங்கன்றுகள், சறுக்கு மரம், ஊஞ்சல்.

"இந்தப் பள்ளம் எதுக்கு மச்சான்? மண்ணு பத்தலயா?"

"மாமா, செவுரு கட்டுனா கடல் உள்ள வராது, சரி. தெருவுல பெய்யிற மழத் தண்ணி எப்புடி வெளிய போவும்? அதான் எல்லாத் தண்ணியும் இங்க வந்து நிக்கிற மாதிரி பள்ளம். அடியில குழாய் இருக்கு, வாயில ஒரு கதவு. தண்ணிய கடலுக்கு வுடும், கடல உள்ள வுடாது. மத்த நாள்ல புள்ளைங்க பந்து வெளாடலாம்."

சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். செம்மண்டலத்தில் அவன் வீட்டுக்குள் ஒரு மழைக்கு ஆற்றுத் தண்ணீர் புகுந்து, பிரிட்ஜ் ஹாலில் மிதந்ததை அவன் பார்த்திருக்கிறான். அது ஆறு, இது கடல், ஆனாலும் அன்றிலிருந்து தண்ணீரை நிறுத்துவது என்றால் அவனுக்கு வெறி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, மச்சான் அல்லவா.

சுவரில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. இருபதடி அகலம். முதலில் போட்ட வரைபடத்தில் இது இல்லையாம். மாசி மகத்துக்குச் சாமி தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போகிற பாதை இது, அடைக்க விட மாட்டோம் என்று ஊரே திரண்டு நின்றிருக்கிறது. சப்பரத்தையே தூக்கிக்கொண்டு வந்து, தோள் கொடுக்கும் ஆட்களோடு அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்புறம்தான் இடைவெளிக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டு பக்கமும் பலகை செருகுவதற்குக் காடி வெட்டி, புயல் நேரத்தில் ஐந்து அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைத்துவிடலாம் என்று ஏற்பாடு.

அந்த இடைவெளிக்கு நேர் உள்ளே, நாலு எட்டு தள்ளி, சிவப்பு நிறத்தில் ஆளுயர எழுத்துகள் நின்றன. 'நம்ம கடலூர்'. நடுவில் ஒரு இதயம். உள்ளே விளக்கு வேறு. பின்னால் இடைவெளி வழியாகக் கடல் தெரியும்.

"வெள்ளிக் கடற்கரைக்குப் போறவங்க எல்லாம் இனிமே இங்க வருவாங்க பாருங்க மாமா. நில்லுங்க, நில்லுங்க, ஒரு போட்டோ."

நின்றேன். நாலு போட்டோ எடுத்தான். ஒன்றில் நான் சிரித்தும் இருக்கிறேன். நல்ல இடம், நல்ல வெளிச்சம். ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எழுத்து வேண்டும் என்று கேட்டதும் ஊர்தான், கடல் பின்னால் தெரிகிற மாதிரி இங்கேதான் வைக்க வேண்டும் என்று இடம் காட்டியதும் ஊர்தான். சாமிக்கு மட்டும் பக்கத்தில் வழி விட்டிருக்கிறதா என்று மறுபடி சப்பரத்தைக் கொண்டுவந்து அளந்து பார்த்துத் திருப்தியாகியிருக்கிறார்கள்.

மூன்று மணி சுமாருக்கு, துறைமுகத்தில் மூணாம் நம்பர் கூண்டு ஏற்றியாயிற்று என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு ஆட்டோ தெருவில் போனது. கொஞ்ச நேரத்தில் கடலுக்குப் போயிருந்த ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. மற்ற நாட்களில் இவை வெளி மணலிலேயே கிடக்கும். புயல் என்றால்தான் ஊருக்குள் இழுப்பார்கள். டிராக்டர் ஒன்று வந்து முதல் படகில் கயிற்றைக் கட்டி இடைவெளிக்குள் நுழைந்தது, எழுத்துகளின் பக்கமாக வளைந்து புல்தரைக்கு இறங்கியது. படகு வளையவில்லை. அதன் மூக்கு நேராக வந்து 'க'வுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

சாமி வளைந்து போகும். முப்பதடிப் படகு எப்படி வளையும்?

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சுவர் வருவதற்கு முன்னால் கரை முழுக்கத் திறந்து கிடந்தது, எங்கே வேண்டுமானாலும் இழுத்து ஏற்றிக்கொள்வார்கள். அதனால் படகுக்கு என்று ஒரு வழி இருப்பதாக யாருமே நினைத்ததில்லை. சாமிக்குத்தான் வழி. அதை அளந்தார்கள். படகை மறந்துபோனார்கள், படகை வைத்தே பிழைக்கிறவர்கள்!

நின்றுபோன படகு அஞ்சலாட்சி அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். படகின் பக்கத்தில் 'ரேவதி' என்று மகள் பெயர் எழுதியிருந்தது. போன புயலில் வெளியே கிடந்த இவருடைய பழைய படகு கல்லில் மோதி இரண்டாகப் போயிருக்கிறது. அப்புறம் ஒன்றரை வருடம் அடுத்தவர் படகு மீனை வாங்கிக் கூடையில் சுமந்து விற்றுத்தான் இதை வாங்கியிருக்கிறார். இதை மச்சான்தான் என் காதில் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பின்னால் தள்ளித் திருப்பிப் பார்த்தார்கள், சுவரில் இடித்தது. தூக்கி வளைக்கலாம் என்றால் என்ஜினோடு அந்தக் கனத்துக்கு ஆள் பத்தாது, பின்னால் இருபது படகுக்கு மேல் நிற்கிறது. காற்று ஏறிக்கொண்டே வந்தது. மச்சான் தள்ளிப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை விழா இருக்கிறது, காலையில் ஆள் அனுப்புகிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்பது பதில்.

திரும்பி வந்து அதையே சொன்னான். அஞ்சலாட்சி அக்கா முழுவதும் கேட்டார்.

"காலைல கடலு இங்க இருக்கும் தம்பி."

"அக்கா, நீங்கதான என்னாண்ட வந்து, இங்கயே வையி, இங்கதான் அழகா இருக்குன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னா சொல்றேன்? வெயில் அடிக்கச்சொல்ல சொன்னேன். இப்ப மழ வருது, எடுன்னு சொல்றேன். ரெண்டுஞ் சொன்னது நாந்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் படகின் மேல் கையை வைத்தார். "ஒரு படகு ஒடஞ்சி பாத்துட்டேன் தம்பி. இன்னொண்ணு ஒடஞ்சா நான் எழுந்திரிக்க மாட்டேன்."

மச்சானைப் பார்த்தேன். அவன் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவற்றுக்காக எத்தனை தடவை பட்டறைக்கு அலைந்திருப்பான், ஸ்டெல்லாவுக்கு எத்தனை போட்டோ அனுப்பியிருப்பான் என்று எனக்குத் தெரியும். "என்ன மாமா பண்றது?" என்றான். நான் கடைக்காரன், எனக்கு என்ன தெரியும்? "உன் வேல, உன் ஊரு. நீ எது பண்ணாலும் உங்கக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். ஸ்டெல்லாவுக்கு அவன் பயப்படுவதைப்போல வேறு யாருக்கும் பயப்பட மாட்டான். அதனால் அது ஒன்றும் சின்ன வாக்குறுதி இல்லை.

எழுத்துகள் இரும்புச் சட்டத்தில் தகடு அடித்தவை, கீழே போல்ட் போட்டு முறுக்கியவை. போல்ட் தெரியக் கூடாது என்று மேலே பளபளவென்று ஓடு பதித்திருந்தான். அந்த ஓட்டை உடைக்காமல் போல்ட்டைத் தொட முடியாது. வேலைக் கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். ஆட்கள் வாங்கப் போனார்கள், கொடுக்கவில்லை. முதல் ஓட்டை அவனே உடைத்தான்.

அதற்கப்புறம் யாரும் சும்மா நிற்கவில்லை. ஒருவர் ஸ்பானரோடு உட்கார்ந்தார், ஒருவர் விளக்கு ஒயரை வெட்டினார். மழை தூற ஆரம்பித்தது. எழுத்து ஒவ்வொன்றாகக் கழன்று தோளில் போனது. "'ந' வருது, வழி வுடு!" "'லூ'வ நாலு பேர் புடிங்கடா, கொம்பு வேற நீட்டிக்கிட்டிருக்கு!" இதயத்தை அஞ்சலாட்சி அக்காவின் கணவர் ஒற்றை ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அந்த நேரத்திலும் ஊரே கேலி செய்தது. நான் 'ட'வுக்கு ஒரு பக்கம் கை கொடுத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

எழுத்து நின்ற மேடையின் மேல் பனங்கட்டைகளைப் போட்டு, டிராக்டர் இழுக்க, 'ரேவதி' நேராகப் பூங்காவுக்குள் ஏறியது. அடுத்து அடுத்து என்று எல்லாப் படகுகளும். பெஞ்சிலும் பூவரசங்கன்றுக்கு நட்டிருந்த கம்பியிலும் ஊஞ்சல் காலிலும் கயிறு கட்டினார்கள். இருட்டுவதற்குள் ஐந்து பலகைகளையும் காடியில் இறக்கி, சந்தில் மண் மூட்டை அடுக்கினார்கள். மச்சான் அங்கேயே தங்கிவிட்டான். நான் செம்மண்டலம் போய் மாமியார் போட்ட இஞ்சி டீயைக் குடித்துவிட்டுப் படுத்தேன். இரவெல்லாம் மழை ஊற்றியது.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெளியே கடல் மூன்றாவது பலகை வரை ஏறி நின்றது. உள்ளே தெருவில் சேறு இருந்தது, ஆனால் எந்த வீட்டு வாசப்படியிலும் தண்ணீர் ஏறவில்லை. அத்தனை தண்ணீரும் பூங்காப் பள்ளத்தில் முட்டிக்கு மேல் நின்றது. அதில் எல்லாப் படகுகளும் மிதந்துகொண்டிருந்தன! சறுக்கு மரத்துக்குப் பக்கத்தில் படகு, ஊஞ்சலுக்கு அடியில் படகு. பிள்ளைகள் சறுக்கு மரத்திலிருந்து நேராகப் படகுக்குள் சறுக்கினார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

வழக்கமாகக் கடற்கரையில் நடக்க வருகிறவர்களும் வந்திருந்தார்கள். ஒருவர் டிராக் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, "புதுப் பார்க்க இப்புடியா நாறடிப்பாங்க?" என்றார். அஞ்சலாட்சி அக்கா படகில் உட்கார்ந்தபடி, "வாங்க சார், ஏறுங்க. நடந்தா ஜாஸ்தி வேர்க்கும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்க பிச்சாவரம் போயி போட்டு கெடைக்காம வந்தவருதான? ராஜு தம்பி சொல்லுச்சி. நீங்களும் ஏறுங்க." ஏறினேன். டிராக் பேண்ட்காரரும் ஏறினார். அக்காவின் கணவர் ஒரு மூங்கிலை ஊன்றி, ஊஞ்சலைச் சுற்றி ஒரு ரவுண்டு விட்டார். ஆக, எனக்குப் படகுச் சவாரி கிடைத்துவிட்டது.

சுவர் ஜெயித்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். மச்சான் விடவில்லை. "இது சின்னப் புயலு மாமா, தூரத்துல கரையக் கடந்துடுச்சி. பெருசு வந்தாதான் தெரியும்" என்றான். பத்து மணிக்கு மேலதிகாரி வந்தார். உடைந்த ஓட்டைப் பார்த்தார், புல்மேட்டில் மல்லாக்கக் கிடந்த 'லூ'வைப் பார்த்தார். யார் கழற்றச் சொன்னது என்று கேட்டார். "நாந்தான் சார்" என்றான் மச்சான். விளக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டு, போகும்போது படகுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். விழா தள்ளிப்போயிருக்கிறது. விளக்கத்துக்கு என்ன பதில் வரும் என்று இதை எழுதும் வரை தெரியவில்லை. குடியிருப்பின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

எழுத்துகளை எங்கே வைப்பது என்று அன்று சாயங்காலமே ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பூங்காவின் மேற்கு மூலையில், கழிப்பறைக்குப் பக்கத்தில் என்று முடிவானது. பின்னால் கடல் தெரியாது, தண்ணீர் டேங்க்தான் தெரியும். மச்சானுக்கு வருத்தம், மறைக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமியார் போனில் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிச்சாவரம் போவதாக இருந்தால் முதல் நாளே கடலூர் கூண்டைப் பற்றிச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டோக்காரர் சொல்ல மாட்டார். மாசியில் போனால் வெயிலும் கொஞ்சம், தீர்த்தவாரியும் பார்க்கலாம். சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் தங்குங்கள், தேர்வு நேரத்தில் அறை கிடைக்காது. முதுநகரிலிருந்து இந்தக் கடற்கரைக்கு ஆட்டோ எண்பது ரூபாய், பேரம் பேசினால் அறுபது. சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் பெஞ்சில் வெயில் தணிந்திருக்கும். இரண்டு இரவு, மூன்று பகல் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூவாயிரம் ஆகும். எனக்கு ஒரு நாள் கூடிவிட்டது, ஆனால் அந்த இரவுகள் மாமியார் வீட்டுக் கணக்கு.

போட்டோவுக்கு நல்ல இடம் எது என்று நிச்சயம் கேட்பீர்கள். அந்த இடைவெளிதான், சந்தேகமே இல்லை. ஞாயிறு காலை கடல் தணிந்து பலகைகளை எடுத்ததும் நானும் அங்கேதான் போய் நின்றேன். எழுத்து இல்லை, மேடையில் உடைந்த ஓடும் பனங்கட்டையும்தான். எதிரே மஞ்சள் வெயிலில் கடல் அப்படி மின்னியது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நடுவில், இன்னும் கொஞ்சம் நடுவில் என்று நகர்ந்து நின்றுகொண்டிருந்தேன். பின்னால் டிராக்டர் சத்தம். திரும்பினால், டிராக்டர் கடலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த 'ரேவதி' எனக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. கயிற்றைப் பிடித்தபடி அஞ்சலாட்சி அக்கா.

"ஐயா, படம் அப்பறம் புடிக்கலாம். நவுருங்க."

நகர்ந்தேன். நீங்களும் அங்கே நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.